கலெக்டரம்மாவின் தகரப் பெட்டி

"யாரோடதா இருந்தாலும் சரி, வெளிய கெடந்தா உள்ள போகும். என்னோடதா இருந்தாலும் போகும்" என்று கூடத்தின் நடுவில் நின்று அறிவித்தாள் அம்மா.

அவள் காலடியில் பழைய தகரப் பெட்டி ஒன்று வாயைத் திறந்துகொண்டு கிடந்தது. பரணிலிருந்து அதை இறக்கித் துடைத்தது அவள். சட்டமும் அவளுடையதுதான். பள்ளிக்கூடம் திறக்க ஒரு வாரம் இருந்தது. இனி இந்த வீட்டில் ஒவ்வொரு சாமானுக்கும் ஓர் இடம். இடம் மாறிக் கிடப்பதை யார் முதலில் பார்க்கிறார்களோ அவர்கள் எடுத்துப் பெட்டிக்குள் போட்டுப் பூட்டை அமுக்கிவிட வேண்டும். ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம்தான் பெட்டி திறக்கும். சொந்தக்காரர் அன்றைக்குப் பாத்திரம் தேய்த்துவிட்டு மீட்டுக்கொள்ளலாம்.

"பெட்டி சாவி யார்கிட்ட இருக்கும்?" என்று கேட்டான் பெரியவன். அதற்குள் திருட்டு வழியை யோசிக்க ஆரம்பித்திருந்தான்.

"என் கொத்துல கோத்துட்டேன். அது என்னை விட்டு எங்க போகப்போகுது?"

"கலெக்டரம்மா உத்தரவு போட்டாச்சு, எல்லாரும் கேட்டுக்கங்கப்பா" என்று சிரித்தார் அவள் கணவர். அவருடைய சுத்தியல் மூன்று மாதமாக ஜன்னல் திட்டில் குடியிருந்தது. முதல் கைதி அதுதான். பாத்திரம் தேய்ப்பதற்குப் பதில் சுத்தியல் இல்லாமலே வாழ்ந்துவிடலாம் என்று அவர் அதை அப்படியே விட்டுவிட்டார்.

அவளுக்கு இது விளையாட்டு இல்லை. போன வருஷம் பூராவும் காலையில் இந்த வீட்டில் ஒரே பாட்டுதான். சாக்ஸ் எங்கே, பெல்ட் எங்கே, டப்பாவுக்கு மூடி எங்கே. பெரியவன் ஒற்றை ஷூவோடு நொண்டியடித்துக்கொண்டிருப்பான், சின்னவள் கட்டிலுக்கடியில் தலையை விட்டிருப்பாள், வாசலில் வேன் நிற்கும். அடுத்தடுத்த தெருக்களில் மற்றப் பிள்ளைகள் வெயிலில் வாடிக்கொண்டிருப்பார்கள். மணி அடித்த பிறகுதான் வேன் பள்ளிக்குள் நுழையும். கடைசியில் தலைமையாசிரியை அவளைக் கூப்பிட்டு, நாற்காலியில் உட்காரச் சொல்லி, மரியாதையாகவே சொன்னார். "உங்க வீட்டால இனிமே ஒரு நாள் வேன் லேட்டானாலும், நாங்க வேற ஏற்பாடு பண்ணிக்க வேண்டியிருக்கும்." அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்கவில்லை. அத்தனை அவமானமாக இருந்தது.

ஆகவே அந்த ஒரு வாரமும் வீடு தலைகீழாகிப் பிறகு நேரானது. அலமாரிகள் சுவரை விட்டு நகர்ந்தன. ஜோடியில்லாத சாக்ஸ் ஒரு வாளி நிறையச் சேர்ந்தது. கட்டிலுக்கடியில் போன வருஷத்துச் சாப்பாட்டு டப்பா ஒன்று அகப்பட்டது; திறந்து பார்க்க யாருக்கும் துணிச்சல் வராததால் அப்படியே குப்பைக்குப் போனது. வாசல் கதவோரம் வரிசையாக இருந்த பழைய ஆணிகள் பங்கு பிரிக்கப்பட்டன. பெரியவன் பைக்கு ஒன்று, சின்னவள் பைக்கு ஒன்று, குடைக்கு ஒன்று, அவளுடைய சாவிக்கொத்துக்கும் ஒன்று.

சட்டத்தைச் சிக்கெனப் பிடித்துக்கொண்டது சின்னவள்தான். அம்மா எள் என்றால் அவள் எண்ணெயாக நின்றாள். அண்ணனின் பந்து உள்ளே போனது. அப்பா முகம் கழுவிவிட்டுத் திரும்புவதற்குள் அவருடைய கண்ணாடி உள்ளே போனது. பாவம், மனிதர் அன்று சாயங்காலம் பூராவும் டிவியைக் காதால் பார்த்தார். "உன்னையே உரிச்சு வெச்சிருக்கு" என்று அவர் முனகியபோது அம்மாவுக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று.

பள்ளி திறப்பதற்கு முந்தின சாயங்காலம் அவர் கடைசியாக ஒருமுறை சீண்டிப் பார்த்தார். "நாளைக்குக் காலையில இந்த வீட்ல ஒருத்தர்கூட 'எங்கே'ன்னு கேக்கலைன்னா, வருஷம் பூரா பாத்திரம் நான் தேய்க்கிறேன்."

"சோப்பு வாங்கி வெச்சுக்கங்க" என்றாள் அவள்.

மறுநாள் அந்த வீடு அந்த வீடாகவே இல்லை. சாக்ஸ் ஜோடி ஜோடியாக எழுந்து வந்தது. பெல்ட் தானாக இடுப்பில் ஏறியது. அவர் சமைத்து வைத்ததை அம்மா டப்பாக்களில் போட்டு அழுத்தி மூடினாள், மேசையைத் துடைத்தாள், தலையை இன்னொரு முறை சீவிக்கொண்டாள். ஒருவரும் எதையும் தேடவில்லை. நேரம் மிச்சமிருக்கும்போதே இரண்டு பிள்ளைகளும் பையும் தண்ணீர் பாட்டிலுமாக வாசலில் நின்றார்கள். அவர் கையெடுத்துக் கும்பிட்டு, சோப்பு எந்த அலமாரியில் என்று கேட்கப்போனவர் கேள்வியைப் பாதியிலேயே விழுங்கிக்கொண்டார்.

"எங்கே?"

குரல் உள்ளேயிருந்து வந்தது. கேட்டது கலெக்டரம்மா. கதவோரத்துக் கடைசி ஆணி காலியாக இருந்தது.

"சாவிக்கொத்தாம்மா? மேசை மேல கெடந்துச்சு" என்றாள் சின்னவள் பெருமையாக. "நாந்தான் அதாலயே பெட்டியத் தொறந்து, உள்ள போட்டுப் பூட்டினேன். என்னோடதா இருந்தாலும் போகும்னு நீதானே சொன்ன?"

பெட்டியின் சாவியும் அந்தக் கொத்தில்தான். பூட்டை உடைத்துவிடலாம் என்று அம்மா சுத்தியல் கேட்டாள். அதுவும் உள்ளேதான் இருக்கிறது என்பதை அவர் மெதுவாக, சிரிக்காமல் சொன்னார்.

வாசலில் வேன் தயாராக நின்றது, பிள்ளைகளும் ஏறத் தயாராக நின்றார்கள். அதை ஓட்ட வேண்டியவள்தான் தகரப் பெட்டியின் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்து, பூட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள்.