வாரத்துக்கு ஒன்று

ஆறு பாட்டில்களையும் கழுவித் துடைத்து அட்டைப்பெட்டியில் அடுக்கியிருந்தார்.

மாதா கோயிலில் ஞாயிறு பூசை முடிந்து வந்தபோது பெட்டி கராஜ் கதவருகே இருந்தது. மனைவி பார்ப்பதற்குள் அவன் அதை உள்ளே எடுத்து வந்துவிட்டான்.

ராயப்பன் மச்சான்தான் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். மனைவியின் அண்ணன். வீட்டில் காய்ச்சிய பியரைப் போன ஞாயிறு அவருக்கு இவன்தான் கொடுத்தனுப்பினான், அவளுக்குத் தெரியாமல். வாரத்துக்கு ஒன்றாகத் திறந்து, நாள்பட நாள்பட ருசி எப்படி மாறுகிறது என்று குறித்துவைக்கச் சொல்லி.

ஆறு வாரத்துக்கு ஆறு.

ஏழே நாளில் காலியாகத் திரும்பிவிட்டன.

மெல்போர்ன் குளிர் முழுக்க ஒரே ஈஸ்ட்டைப் போட்டு நான்கு பியர் காய்ச்சியிருந்தான். வெளிர், சிவப்பு, கோதுமை, கடைசியில் கறுப்பு. தானியம் மாறும், ஈஸ்ட் மாறாது. நான்கிலும் பொதுவாக என்ன ருசி நிற்கிறதோ, அதுதான் ஈஸ்ட்டின் ருசி. அதைப் பிடிக்க நல்ல நாக்கு வேண்டும். இவனுடையது நேற்று வைத்த குழம்பையும் இன்று வைத்ததையும் ஒன்று என்று சொல்கிற நாக்கு.

மச்சான் ஓட்டல் சமையல்காரர். கொதிக்கிற சட்டியின் ஆவியை வைத்தே உப்புக் குறைவு என்பார்.

அவர் குடியை விட்டு இரண்டு வருடம் ஆகியிருந்தது. தங்கை தலையில் கைவைத்துச் சத்தியம் செய்துதான் விட்டார். அவருக்காக அவள் இன்றும் வெள்ளிக்கிழமை ஒருவேளை மட்டும் சாப்பிட்டு ஒருசந்தி இருக்கிறாள்.

காய்ச்சிய நான்கில் முதல் மூன்றை அவர் முகர்ந்து மட்டும் பார்த்தார். போன ஞாயிறு கறுப்பை வாயில் வைத்துச் சுழற்றி, வாளியில் துப்பினார்.

“துப்புனா எப்படி மச்சான்? கசப்பு தொண்டையிலதான் தெரியும். முழுங்குங்க.”

பொய் இல்லை. பியரை ருசி பார்ப்பவர்கள் துப்புவதில்லை. புத்தகத்திலேயே இருக்கிறது.

அவர் கொஞ்ச நேரம் இவன் முகத்தையே பார்த்தார்.

பிறகு விழுங்கினார்.

இப்போது முதல் பாட்டிலை எடுத்தான். கழுத்தில் ரப்பர் பேண்டு போட்டுக் கட்டிய காகிதத் துண்டு. மச்சானின் குண்டு குண்டான கையெழுத்து.

‘ஞாயிறு. பேரிக்கா வாசம். நாலுலயும் இதான் இருந்துச்சு மாப்ள. இது ஈஸ்ட்டோடதுதான்.’

பேரிக்காய்! நான்கு மாதமாக இவனுக்குப் பிடிபடாமல் இருந்தது. சந்தோஷம் தாங்காமல் நோட்டைப் பிரித்து எழுதிக்கொண்டான்.

எழுதி முடித்த பிறகுதான் தன்மேலேயே அருவருப்பு வந்தது.

இரண்டாவது துண்டும் ஞாயிறுதான்.

மூன்றாவதும் நான்காவதும் திங்கள். எழுத்து கோட்டை விட்டு இறங்கியிருந்தது.

ஐந்தாவதில் செவ்வாய் என்று மட்டும் இருந்தது.

புதன் முதல் மச்சான் போனை எடுக்கவில்லை. ஓட்டலில் வேலை அதிகமாக இருக்கும் என்று மனைவிக்கு இவன்தான் சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தான். அவளும் நம்பிக்கொண்டிருந்தாள்.

ஆறாவதைப் பிரித்தான்.

‘கசப்பு இன்னும் தெரியல மாப்ள. வேற இருக்கா?’

பேனாவை மூடினான்.

பெட்டியைப் பின்னால் தள்ளி, மேலே ஒரு சாக்கைப் போடலாம். வேலை அதிகம் என்று இன்னும் ஒரு வாரம் ஓட்டலாம். சாக்கை எடுக்கக் கை போகவும் செய்தது.

“என்னங்க, அண்ணன் போன் பண்ணுச்சா?” சமையலறையிலிருந்து ஜெசிந்தா கேட்டாள்.

அவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனான். ஆறு பாட்டில்களையும் தேதி வரிசையில் அவள் முன்னால் மேசைமேல் வைத்தான்.

அண்ணன் கையெழுத்தைக் கண்டதும் அவள் முகம் மலர்ந்தது.

பிறகு படிக்க ஆரம்பித்தாள்.