தீக்கு வீசும் விசிறி

மாலை வெயில் இன்னும் தெருவை விட்டு இறங்கவில்லை. உருகுவே நாட்டு மாண்டிவிடியோவின் இந்தச் சந்திலிருந்து திருவிழா ஊர்வலம் கிளம்ப அரை மணிதான் இருக்கிறது. நடுத்தெருவில் அட்டையும் விறகும் எரித்து, தோல் விறைக்க முரசுகளைக் காய்ச்சுகிறார்கள். வாசலில் நில்டா, ஐம்பத்திரண்டு வயது, முரசுகளுக்கு முன்னால் விசிறியோடு ஆடும் கிழட்டு அம்மா வேஷத்தின் அகலப் பாவாடையோடு நிற்கிறாள். ஒரு சட்டைக் கையைத் தோள்வரை சுருட்டி, மாதவிடாய் நிற்கும் வயதில் திடீர் திடீரென வரும் உடற்சூட்டுக்காக இப்போது தினமும் பூசும் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் ஜெல் பளபளக்கும் கையைப் போலீஸ்காரர் வண்டியை நிறுத்துவதுபோல நீட்டியிருக்கிறாள். முரசடிக்கும் கணவன் ஓமர் கட்டிப்பிடிக்க வருகிறான்.

"யோவ், தொடாத! இன்னும் காயல. உனக்கு ஒட்டிச்சுன்னா நாளைக்கு நீதான் பாவாடை கட்டணும்!"

"நெருப்புக்கிட்டயும் போயிடாதடி," என்று மாடியிலிருந்து கத்துகிறாள் தோழி மிர்த்தா. "ஜெல்லுல ஸ்பிரிட் இருக்கு, ஈரத்தோட போனா பத்திக்கும்னு டாக்டரம்மா சொன்னாங்கல்ல? போன வருஷம் மாதிரி பாதியில ஓடிட மாட்டியே?"

"போன வருஷம் உள்ளுக்குள்ளயே எரிஞ்சுதுடி!"

இதேபோல மூட்டிய தீயின் பக்கம்கூட அன்று அவளால் நிற்க முடியவில்லை. வேஷத்துக்குக் கொடுத்த விசிறியை வைத்து ஆடாமல் தனக்கே வீசி வீசி, வியர்வையில் தொப்பலாக நனைந்து, மூன்றாவது தெருவில் ஊர்வலத்திலிருந்து விலகிக்கொண்டாள்.

"தீ மங்குதே, முரசுத் தோல் இன்னும் தொளதொளன்னு கிடக்கு," என்கிறான் ஓமர்.

நில்டா விரலால் கையைத் தடவிப் பார்க்கிறாள். காய்ந்துவிட்டது. சட்டைக் கையை இறக்கி, இடுப்பிலிருந்து விசிறியை உருவிக்கொண்டு நேரே நெருப்பிடம் போகிறாள். குனிந்து, போன வருஷம் தனக்கு வீசிக்கொண்ட அதே வேகத்தில் தீக்கு வீசுகிறாள்.