லேபிள் இல்லாத நாற்பது தொட்டிகள்

"மேடம்! சீனியர் சார் என் தொட்டிகளோட லேபிளை எல்லாம் உரிச்சுப் போட்டுட்டார்!"

செடி வளர்க்கும் கண்ணாடி வீட்டிலிருந்து துறைத் தலைவியின் அறைவரை ஒரே ஓட்டமாக வந்திருந்தாள் ஆராய்ச்சி மாணவி. கை நிறைய மண். கண் நிறையத் தண்ணீர்.

பின்னாலேயே நிதானமாக வந்து நின்றார் சீனியர் விஞ்ஞானி. மாணவர்கள் அவருக்கு வைத்திருந்த பெயர் சிடுமூஞ்சி.

"நிஜமா சார்?"

"நிஜம்தான் மேடம். உரிச்சேன். தொட்டிகளைக் கலைச்சும் வச்சுட்டேன். இப்போ வெறும் நம்பர்தான்."

"பார்த்தீங்களா மேடம்! நான் ஜெயிச்சா இவரோட பழைய கட்டுரை காலி. அந்த வயித்தெரிச்சல்!"

சண்டை ஒரு நொதியைப் பற்றி. இலைக்குள் இருக்கிற கொழுப்பை மாற்றி அமைப்பது அதன் வேலை. பாக்டீரியா வந்தால் செடியைக் காப்பாற்றும் காவல்காரனே அதுதான் என்று பத்து வருஷம் முன்பு எழுதியவர் சிடுமூஞ்சி.

"காவல்காரனாவது! அந்தக் கொழுப்புதான் செடிக்கு அபாய மணி. அதை அடிக்க விடாம அமுக்கறதே இந்த நொதிதான். நொதி இல்லாத செடிதான் பிழைக்கும்" என்பது அவள் கட்சி.

போன மாதம் முதல் சுற்றில் அவள் சொன்னபடியே வந்தது. இது இரண்டாம் சுற்று. நொதி உள்ளது இருபது, இல்லாதது இருபது. பார்வைக்கு எல்லாம் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி.

சிடுமூஞ்சி ஒட்டிய உறை ஒன்றை நீட்டினார். "எந்த நம்பர் எதுன்னு இதுல இருக்கு மேடம். கடைசி வரைக்கும் உங்ககிட்டயே இருக்கட்டும். எது எதுன்னு தெரியாதவங்க எண்ணினாதான் சுத்தமா இருக்கும்."

"அதைச் சொல்லிட்டுச் செய்யக் கூடாதா? சின்னப் பொண்ணை இப்படி அழ வைக்கறதா?"

"தப்புதான் மேடம்."

பாக்டீரியாவைத் தெளித்தார்கள். நான்கு நாள் அவள் அவரோடு பேசவில்லை. மற்றவர்களிடம் அவரைப் பற்றி மட்டுமே பேசினாள்.

ஐந்தாம் நாள் எண்ணுவதற்குத் தோட்டக்காரரைக் கூப்பிட்டார்கள்.

"நொதின்னா ஆறு மாதிரியாம்மா?" என்றார் அவர்.

"அது நதிண்ணே! நீங்க எது நல்லா இருக்கு, எது வாடியிருக்குன்னு மட்டும் சொல்லுங்க."

"அவ்வளவுதானே? இது ஜம்முனு இருக்கு. இது, போயிட்டு வரேன்னு சொல்லுது. இது... போயே போச்சு."

நாற்பதும் முடிந்தது. தலைவி உறையைப் பிரித்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார். அவள் நகத்தைக் கடித்து முடித்து விரலுக்கு வந்திருந்தாள்.

"நொதி இருக்கிற செடியில பிழைச்சது மூணு. நொதி இல்லாததுல..."

"மேடம், ப்ளீஸ்!"

"பதினெட்டு!"

அவ்வளவுதான். அவள் போட்ட கூச்சலில் கண்ணாடி வீடு உடையாமல் நின்றது பெரிய விஷயம். பூவாளியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, தோட்டக்காரரின் இரண்டு கையையும் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினாள். மிச்சத் தண்ணீர் முகத்தில் வழிந்தது. தலைவி சிரித்த சிரிப்பில் மூக்குக்கண்ணாடி கழன்று தொட்டிக்குள் விழுந்தது.

எல்லோரையும்விடப் பலமாகக் கைதட்டியது சிடுமூஞ்சி.

"என் கட்டுரை செத்துப்போச்சு! பாவம், பத்து வருஷம் ராஜா மாதிரி வாழ்ந்துச்சு!"

மாணவி மூச்சு வாங்க அவரிடம் வந்தாள்.

"சாரி சார். உங்களைப் பத்தி ஊரெல்லாம் என்னென்னவோ சொல்லிட்டேன். ஆனா ஒண்ணு புரியலை. முதல் சுற்றுதான் நல்லா வந்துச்சே, அப்புறம் எதுக்கு இவ்வளவும் செஞ்சீங்க?"

அவர் திரும்பிப் பார்த்தார். தலைவி மண்ணுக்குள் மூக்குக்கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தார். குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"கட்டுரையில இந்தச் சுற்றை மட்டும் எழுதும்மா. போன மாசம் நொதி இல்லாததுல வாடிப்போன ரெண்டு தொட்டியை நீ எண்ணாம குப்பைக்கூடையில போட்டதை நான் பார்த்துட்டேன்."