ஐந்து லிட்டர்

சாவியைத் திருப்பியதும் கார் ஒரு இருமல்கூட இல்லாமல் கிளம்பியது.

மைதானத்தில் நின்றிருந்த மாணவர்கள் விசிலடித்தார்கள். கல்லூரி முதல்வர் கைதட்டினார். எட்டு மாதமாக என் கணவரை ‘எண்ணெய்ச்சட்டி’ என்று கூப்பிட்டுக்கொண்டிருந்த சக ஆசிரியர்களும் வேறு வழியில்லாமல் தட்டினார்கள்.

நான் தட்டவில்லை. கைப்பையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அவர் தொழிற்கல்லூரியில் பட்டறை ஆசிரியர். ஓட்டல்களில் பொரித்துவிட்டுக் கொட்டும் எண்ணெயை வாங்கிவந்து, வடிகட்டி, காய்ச்சி, மருந்து கலந்து, கழுவி எடுத்தால் டீசலுக்குப் பதிலாக ஊற்றி வண்டி ஓட்டலாம். அதில் பிடித்த பிடியை அவர் விடவேயில்லை. இன்றைக்கு ஓடிவிட்டால் கல்லூரி வண்டிகள் எல்லாவற்றுக்கும் அவரே எண்ணெய் தயாரிக்கலாம், தனிக் கொட்டகையே போட்டுத் தருகிறேன் என்று முதல்வர் சொல்லியிருந்தார்.

கார் மைதானத்தை மூன்று சுற்று சுற்றியது. ஜன்னலில் அவர் முகம் தெரிந்தது. கல்யாணப் படத்தில்கூட அவர் அப்படிச் சிரித்ததில்லை.

பார்க்கப் பார்க்க எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

டாங்கில் இருந்தது அவர் எண்ணெய் இல்லை.

முந்தாநாள் அவர் புது எண்ணெயைப் பாட்டிலில் ஊற்றி, தண்ணீர் விட்டுக் குலுக்கி, சமையலறை ஜன்னலில் வைத்திருந்தார். நன்றாக வந்திருந்தால் கொஞ்ச நேரத்தில் தண்ணீர் தனியே அடியில் இறங்கிவிடும். எட்டு மாதத்தில் நானும் இதையெல்லாம் தெரிந்துகொண்டிருந்தேன். அன்று அது பிரியவே இல்லை. சோப்பு கரைத்த மாதிரி வெள்ளையாக நின்றது.

அவர் அதைப் பாத்திரம் கழுவும் தொட்டியில் கொட்டிவிட்டு, சரியாக வந்துவிட்டது என்றார். ஆசை மனிதரின் கண்ணை மறைக்கிறது என்று நினைத்தேன். சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இன்று காலை, இஸ்திரிக்குக் கொடுத்த சட்டையை வாங்க அவர் வெளியே போன நேரத்தில், முந்தின நாள் சாயந்திரம் அவர் காரில் ஊற்றிவைத்த ஐந்து லிட்டரையும் கைப்பம்பு வைத்து ஒரு நீலக் கேனில் இறக்கினேன். பங்க்கில் வாங்கி ஒளித்துவைத்திருந்த டீசலை ஊற்றினேன். அவசரத்தில் பாதி டீசல் என் மேலேயே சிந்தியது. மூன்று முறை சோப்பு போட்டும் கையை விட்டு அந்த நாற்றம் போகவில்லை.

எல்லோர் முன்னாலும் அவர் தலைகுனிந்து நிற்கக் கூடாது. அது ஒன்றுதான் என் மனதில் இருந்தது.

கார் நின்றது. அவர் இறங்குவதற்குள் என் தம்பி ஓடிவந்து கட்டிக்கொண்டான்.

“மாமா, இனிமே நான் பங்க் பக்கமே தலைவச்சுப் படுக்கமாட்டேன். வீட்டு ட்ரம்ல மிச்சம் இருக்குல்ல? இப்பவே போய் என் வேனுக்கு ஊத்திக்கறேன்.”

பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிப்போகும் வேன் அது. ஓடினால்தான் அவன் வீட்டில் உலை கொதிக்கும். அந்த ட்ரம்மில் இருப்பது உள்ளே போனால் இன்ஜின் கதை அதோடு முடிந்தது.

என் கணவர் வாயைத் திறந்தார். அதற்குள் முதல்வர் வந்து அவர் தோளில் கைபோட்டார். தம்பி வேனை நோக்கி நடக்க ஆரம்பித்துவிட்டான்.

“ஊத்தாதேடா!” என்று கத்தினேன். “கார் ஓடினது பங்க் டீசல்ல. நான்தான் காலைல மாத்தினேன். மாமாவுக்கு ஒண்ணும் தெரியாது.”

விசில் நின்றது. யாரோ ஒருவர் சிரித்து, பாதியில் அடக்கிக்கொண்டார்.

“கட்டினவளே நம்பலைன்னா அந்த ஆள் என்னதான் பண்ணுவார்” என்று எனக்குப் பின்னால் ஒரு குரல் கேட்டது. காது சுட்டது. தம்பி என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்தான். முதல்வரும் என்னைப் பார்க்கவில்லை. அடுத்த மாதம் இன்னொரு முறை ஓட்டிப் பார்க்கலாம், இதில் உங்கள் தப்பு எதுவும் இல்லை என்று என் கணவரிடம் தணிந்த குரலில் சொன்னார்.

என் கணவர் தலையை மட்டும் ஆட்டினார்.

வீடு வரும்வரை மூன்று முறை மன்னிப்புக் கேட்டேன். அவர் ரோட்டை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. வீட்டுக்குள் நுழைந்ததும் நேராகக் குழாயடிக்குப் போய்க் கைகழுவ ஆரம்பித்தார். தண்ணீர் விழும் சத்தம் வெகுநேரம் கேட்டது.

காலையில் காரிலிருந்து இறக்கிய அந்த நீலக் கேனை இழுத்து வெளியே வைத்தேன். எவ்வளவு கெட்டுப்போயிருந்தது என்று பார்த்தாலாவது மனசு ஆறும் போலிருந்தது. கொஞ்சம் பாட்டிலில் ஊற்றி, தண்ணீர் விட்டு, குலுக்கி ஜன்னலில் வைத்தேன்.

பத்து எண்ணுவதற்குள் தண்ணீர் தனியே இறங்கிவிட்டது. மேலே நின்றது வெளிர்மஞ்சளாக, கண்ணாடி மாதிரி தெளிந்திருந்தது.

மூடியைத் திறந்து மோந்தேன். பங்க் டீசல்.

திரும்பினேன். அவர் ஈரக் கையோடு கதவருகில் நின்று பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“சொல்லிடலாம்னுதான் வாயத் தொறந்தேன்” என்றார். “நீ முந்திக்கிட்டே.”