இரண்டாவது சரணத்தில் ஒரு சத்தம்

பாட்டு இரண்டாவது சரணத்தைத் தொடும்போதே அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

திரையில் யாரோ ஒருவனின் பின்மண்டை. அதற்கு அப்பால் மேடை. மேடையில் கட்டைவிரல் உயரத்துக்குப் பாடகன் டெரன்ஸ், கழுத்தில் கிடாரோடு குதிக்கிறான். படம் பிடித்த பையனும் கூடவே குதித்திருப்பான் போல. படம் ஓரிடத்தில் நிற்கவில்லை.

இதோ, இப்போது.

"தலைவாஆஆ!"

காதைக் கிழிக்கிற சத்தம். கத்திய பெண் படம் பிடித்தவனுக்குப் பக்கத்திலேயே நின்றிருக்கிறாள். முகம் படத்தில் விழவில்லை. கத்திவிட்டு மூச்சு வாங்கச் சிரிக்கிறாள். பிறகு கூட வந்தவளிடம் சொல்கிறாள்.

"எங்கம்மாவுக்குத் தெரிஞ்சா கொன்னே போடும்டி."

அவ்வளவுதான். மறுபடி கூட்டம், மறுபடி கிடார்.

அவள் பின்னுக்குத் தள்ளி, மறுபடி அதே இடத்தில் வைத்தாள்.

அந்த அம்மா அவள்தான்.

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி. மதியச் சாப்பாட்டு நேரம். மடியில் டிபன் டப்பா திறந்தபடி இருந்தது.

ஹாஸ்டலில் பரீட்சைக்குப் படிக்கிறேன் என்று சொல்லிவிட்டு, மகள் நந்தனா கோயம்புத்தூரில் இந்தக் கச்சேரிக்குப் போயிருக்கிறாள். விஷயம் தெரிய வந்தபோது திட்டுவதற்கு ஆள் இல்லை. மழைக்காலத்தில் வந்த டெங்கு ஒரே வாரத்தில் அவளைக் கொண்டுபோய்விட்டது. காரியமெல்லாம் முடிந்த பிறகு, கூடப் படித்த ஷெர்லிதான் இதை அனுப்பினாள். இதுல கத்துறது நம்ம நந்துதான் ஆன்ட்டி, என்று.

வீட்டில் அந்தப் பெண் அதிர்ந்து ஒரு வார்த்தை பேசமாட்டாள். போனில் பேசுடி என்றால் எழுதி அனுப்புவாள். அவளுடைய குரல் என்று இப்போது இருப்பது இது ஒன்றுதான். அதுவும் முன்பின் தெரியாத ஒரு பையனின் சேனலில். 'சேலம் டெரன்ஸ் வெறியன்' என்று பெயர் வைத்திருந்தான்.

ஷெர்லி அந்த வீடியோவை இறக்கிப் போனிலேயே வைத்துத் தருகிறேன் என்றாள். எங்கே போய்விடப் போகிறது என்று இவள் இருந்துவிட்டாள்.

அன்றைக்குத்தான் வீடியோவுக்குக் கீழே மற்றவர்கள் எழுதியிருந்ததைப் படித்தாள். படிக்காமலே இருந்திருக்கலாம்.

"அந்த அக்காவுக்கு யாராச்சும் தண்ணி குடுங்கப்பா."

"தலைவன் பாட்டக் கேக்க வந்தா, இது பாட்டக் கேக்க வேண்டியிருக்கு."

இதற்கெல்லாம் அவளுக்கே சிரிப்பு வந்தது.

"அந்தக் கழுதையத் தூக்கி வெளிய போட்டிருக்கலாம்."

இதற்கு வரவில்லை.

சாப்பாட்டைத் தள்ளி வைத்துவிட்டு, ஒற்றை விரலால் தேடித் தேடி எழுதினாள்.

"தம்பிகளா, அந்தப் புள்ள எம் மகதானுங்க. இப்ப இல்லீங்க. எதும் பேசாதீங்க கண்ணு."

சாயங்காலம் பஸ்ஸில் உட்கார்ந்து பார்த்தாள். கேலி செய்தவர்கள் எல்லோரும் எழுதியதை அழித்திருந்தார்கள். மன்னிச்சிருங்கம்மா, மன்னிச்சிருங்கம்மா என்று வரிசையாக வந்திருந்தது. கழுதை என்று சொன்னவன் அழுகிற முகம் நாலைந்து போட்டிருந்தான். பாவம், அவனும் யாரோ பெற்ற பிள்ளைதான்.

மனசு நிறைந்து போயிற்று அவளுக்கு.

மறுநாள் மதியம் தொட்டபோது, அந்த வீடியோ இப்போது இல்லை என்று வந்தது.

டவர் இல்லையோ என்று வாசல் வரை நடந்துபோய்ப் பார்த்தாள். வெயிலில் நின்று மறுபடி தொட்டாள். அதேதான் வந்தது.

பையனின் சேனலுக்குள் போனாள். அங்கே புதிதாக ஒன்று இருந்தது. அதே மேடை, அதே பின்மண்டை. உயிர் திரும்பி வந்தது. கீழே முதல் வரியே அவளுக்குத்தான் எழுதியிருந்தான்.

"அம்மா, நேத்து பூரா எனக்கு மனசே சரியில்ல. பழசு இருந்தா புதுசு புதுசா எவனாச்சும் வந்து பேசுவான். ஒரு ஆப் இருக்கும்மா, பக்கத்துல கேக்குற சத்தத்த மட்டும் தனியா எடுத்துரும். விடிய விடிய உக்காந்து எடுத்துட்டேன். இனி உங்க பொண்ண ஒருத்தனும் ஒரு வார்த்த சொல்ல முடியாது."

அதற்கு அத்தனை பேர் இதயம் போட்டிருந்தார்கள்.

அவள் எழுதினாள்.

"பழசு உங்ககிட்ட இருக்குங்களா கண்ணு?"

உடனே பதில் வந்தது. காத்துக்கொண்டே இருந்திருப்பான் போல.

"இல்லம்மா. என் போன்லயும் அழிச்சுட்டேன். எங்கயும் இல்ல. பயப்படாதீங்க."

வெயில் தலையில் இறங்கியது. அவள் நகரவில்லை.

கத்தவேண்டும் போல இருந்தது. யாரைப் பார்த்துக் கத்துவது? இந்தப் பையனையா? இவளுக்காகத் தூங்காமல் கிடந்திருக்கிறான். பெற்றவளுக்குக்கூட இப்படிச் செய்திருக்க மாட்டான். இதைச் சொன்னால் அவன் தாங்கமாட்டான்.

எழுதினாள். அழித்தாள். மறுபடி எழுதினாள்.

"நல்லா இரு கண்ணு."

பிறகு சுவரோரம் குந்தி, புதியதை ஓடவிட்டாள்.

இரண்டாவது சரணம் வந்தது. கூட்டம் குதித்தது. படம் ஆடியது. கத்தல் இல்லை. சிரிப்பு இல்லை. அம்மா என்ற சொல் இல்லை. கிசுகிசுப்பாவது ஒட்டிக்கொண்டிருக்காதா என்று காதை அழுத்தினாள். பையன் சுத்தமாகத்தான் வேலை செய்திருந்தான்.

அந்த இடத்தில் டெரன்ஸ் ஏதோ ஒரு வரியை இழுத்துப் பாடிக்கொண்டிருந்தான். இத்தனை மாதமாக அப்படி ஒரு வரி அங்கே இருந்ததே அவளுக்குத் தெரியாது.

உள்ளே மணி அடித்தது. எல்லோரும் எழுந்து போனார்கள். அவள் கடைசி வரை கேட்டாள்.

நல்ல பாட்டுதான்.