யாகோக் காய்க்கு ஒரு குழி

"ஆழம் போதும், மேல வா. வெள்ளைக்காரம்மா வர்ற நேரமாச்சு," என்று ஓகாலோ மேட்டில் நின்றபடியே சொன்னார். குழிக்குள் இருந்த ஒலூச் அடியில் ஒருமுறை நீட்டிப் படுத்துப் பார்த்தான். கால் இடிக்கவில்லை. எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டான்.

ஓகாலோ அனாதை இல்லத்தின் நிறுவனர், தலைவர், செயலாளர். சட்டைப்பையில் மூன்று பேனா செருகியிருப்பார். எழுதி யாரும் பார்த்ததில்லை.

குடிசைக்கு வலப்பக்கம், வீட்டு ஆம்பளைக்கு உரிய இடத்தில்தான் குழி. இடப்பக்கம் அந்த வீட்டுப் பெண் போன மழைக்காலத்திலேயே போய்ப் படுத்துவிட்டாள். மிச்சம் ஆறு வயது மகள் அவினோ. தகப்பனும் இல்லையென்றால்தான் அவளுக்கு இல்லத்தில் இடம். இடம் கிடைத்தால்தான் படிப்பும் இரண்டு வேளைக் களியும். தகப்பன் இல்லை என்பதை நேரில் பார்க்கத்தான் இல்லத்தில் சேவை செய்ய வந்திருக்கும் ஹேசல் வருகிறாள்.

தகப்பனை ஏரி கொண்டுபோனதாக அவளிடம் சொல்லியாகிவிட்டது. ஏரி கொண்டுபோனவனுக்கு உடல் ஏது? அந்தப் பக்கத்து ஊர்களில் யாகோ மரத்தின் முழநீளக் காயைத் துணியில் சுற்றிப் புதைப்பார்கள். காய் உள்ளே போனால் ஆள் போனதுதான். அப்புறம் அவனை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள்.

காயைக் கையில் வாங்கிய ஒலூச் அதைக் குழிக்குள் வைக்காமல் நின்றான். "அண்ணே, ஒரு கல்லை வெச்சு மூடிட்டா என்ன? காய் எதுக்கு?"

"கல்லுக்கு எவ வந்து ஒப்பாரி வெப்பா? முறைன்னு ஒண்ணு இருக்குல்ல. பிள்ளை படிக்கணுமா வேண்டாமா?"

காய் உள்ளே போனது. மண் மூடியது. வேலியோரம் வெந்துகொண்டிருந்த ஆட்டுக்கறியின் வாசனையில் ஊர்ப் பெண்களின் ஒப்பாரிக்குச் சுருதி நன்றாகவே சேர்ந்தது. சிலுவையில் ஓகாலோ 'பீட்டர்' என்று எழுதச் சொல்லியிருந்தார். பாதிரியார் வைத்த பெயர். பாதிரியாரைத் தவிர யாரும் கூப்பிட்டதில்லை.

ஜீப் வந்து நின்றது. ஹேசல் செம்மண்ணில் மண்டியிட்டு அழுத அழுகையில் உள்ளூர்ப் பெண்கள் தங்கள் அழுகையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். அழுது முடித்து, கண்ணைத் துடைக்காமலே மண்மேட்டோடு தன்னைப் படம் எடுத்துக்கொண்டாள். துடைத்திருந்தால் படம் எடுபடாது.

அவினோவை அணைக்கக் கையை விரித்தாள். குழந்தை அவளைத் தாண்டி ஓடி, மண்வெட்டியோடு நின்ற ஒலூச்சின் காலைக் கட்டிக்கொண்டது. ஓகாலோவுக்கு இருமல் வந்தது. ஹேசல் மறுபடி கண்கலங்கி ஏதோ சொல்ல, அவர் ஊராருக்கு எடுத்துச் சொன்னார்: பாவம், பாசத்துக்கு ஏங்கிப்போன பிள்ளை, குழி வெட்டுகிற ஆளைக்கூட விடாமல் கட்டிக்கொள்கிறதாம்.

ஒலூச் சிரிக்கவில்லை. அவினோவின் துணிமூட்டையை யாரோ ஜீப்பில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

"இல்லம் ரெண்டு தெரு தள்ளித்தானே இருக்கு. ஜீப் எதுக்கு?"

"அதிர்ஷ்டம்டா," என்றார் ஓகாலோ குரலைத் தாழ்த்தி. "அந்தம்மாவே வளர்க்கப் போறாங்க. பிள்ளை கடல் தாண்டிப் போறா. நான்தான் அலைஞ்சு எல்லாம் முடிச்சு வெச்சேன்."

"படிப்புன்னுதானே சொன்னே?"

"அங்கதான்டா படிப்பு."

அவினோவை முன்சீட்டில் உட்காரவைத்தார்கள். ஒலூச் மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடினான். ஜீப்பின் கதவைப் பிடித்துக்கொண்டு, தொப்பியைக் கழற்றி, மண் அப்பிய முகத்தை ஹேசலுக்குக் காட்டினான். அவளுக்கு அவன் பாஷை தெரியாது. அவனுக்கு வேறு பாஷை தெரியாது.

"ஏரி யாரையும் கொண்டுபோகல தாயி. சிலுவையில இருக்கிற பீட்டர் நான்தான். இவ என் மக."

சாட்சிக்கு ஊராரைத் திரும்பிப் பார்த்தான். பெண்கள் மண்மேட்டைப் பார்த்தார்கள், பிறகு தரையைப் பார்த்தார்கள். காய் உள்ளே போய்விட்டது. இனி அவனோடு பேச்சு ஏது? கறிச்சட்டியைக் கிளறிக்கொண்டிருந்தவள்கூடத் தலை நிமிரவில்லை.

ஜன்னல் வழியே அவினோ கையை நீட்டி "அப்பா, அப்பா" என்று அழுதாள். ஹேசல் அவள் தலையைத் தடவிவிட்டு, இந்த மனிதர் என்ன சொல்கிறார் என்று ஓகாலோவைக் கேட்டாள்.

ஓகாலோ பேனாக்களைச் சரிசெய்துகொண்டார்.

"குழி வெட்டுற ஆளும்மா. பிள்ளைய நல்லாப் பாத்துக்கச் சொல்றான்."