மேட்டில் ஒரு குளம்

பூங்காவுக்கு வரைபடம் போடக் கற்றுக்கொண்டிருந்தது ஒரு பென்சில். அது தப்பும் தவறுமாகப் போட்டதை அழித்து அழித்தே கூட இருந்த ரப்பருக்குப் பாதி உடம்பு போயிருந்தது.

அன்றைக்குப் பென்சில் ஆசை ஆசையாக ஒரு குளம் வரைந்தது. வரைந்த இடம் மேட்டு உச்சி.

"தாள்ல இருக்கிற இந்த வளைகோடெல்லாம் என்னன்னு நினைச்சே, கோலமா? மேடு பள்ளத்தைக் காட்டுற கோடுடா! மழைத்தண்ணி மேட்டுல ஏறி வந்து நிக்குமா?" என்று தலையில் அடித்துக்கொண்டே ரப்பர் அழித்தது.

பென்சில் அசரவில்லை. வாசலிலிருந்து நூல் பிடித்தாற்போல ஒரு நடைபாதை போட்டது.

"ஐயோ, நடுவுல இருக்கிற வட்டம் கிணறுடா! காத்து வாங்க வர்ற ஜனமெல்லாம் அதுல விழவா?"

அதையும் அழித்து முடித்தபோது ரப்பர் புளியங்கொட்டை அளவுக்கு வந்துவிட்டது.

"பூங்கா வரப்போற இடம் கூப்பிடு தூரத்துலதான் இருக்கு. ஒரே ஒரு தடவை நேர்ல போய்ப் பார்த்துட்டு வந்து வரையேன்டா!" என்று கெஞ்சியது.

பென்சில் அடுத்த கோட்டை இழுத்துக்கொண்டே சொன்னது: "எதுக்குண்ணே வீண் அலைச்சல்? அதான் நீங்க இருக்கீங்களே."